கடல் தாண்டிய இஞ்சியும் மஞ்சள் இலைச் சோறும்

"பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தராவது இருக்கிற வரைக்கும்தான் கடல் தாண்டிப் போனவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம். பேர் போச்சுன்னா ஆளும் போயிட்டான்."

மலைச் சரிவில் மிளகு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் களைப்பாற உட்கார்ந்திருந்த இரண்டு சுமைக்காரர்களில் ஒருவர் மற்றவரிடம் இப்படிச் சொன்னார். யாருக்கும் கேட்கட்டும் என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார், மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார், போய்விட்டார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த வரப்புக்கு ஒரு முழம் தள்ளி, மண்ணுக்கடியில் மஞ்சள் படுத்திருந்தாள். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கிழங்குகளும் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். கூப்பிட்டால் மரம்கூட 'என்ன' என்று கேட்கும். அப்போது இஞ்சிக்கு விரல்கள் கிடையாது. விளாங்காயைப் போல உருண்டையாக இருப்பான். மஞ்சள் அவனுடைய தங்கை. இருவரும் ஒரே பாத்தியில், ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்கிற தூரத்தில் வளர்ந்தார்கள்.

அவர்களை வளர்த்தவள் கொற்றி. அவளுக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் பாதி வசவாக இருக்கும். வசவு நீளமாக இருந்தால் அன்று அவள் மனம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு தையிலும் புதுப்பானை பொங்கிய மறுநாள், இருவரையும் மண்ணிலிருந்து எடுத்து, பலாமர நிழலில் பக்கத்துப் பக்கத்தில் தோண்டிய இரண்டு விதைக்குழிகளில் வைத்து, இலைபோட்டு மூடுவாள். கோடைமழை வரும்வரை அங்கேதான் தூக்கம். வலது குழி இஞ்சிக்கு, இடது குழி மஞ்சளுக்கு. நடுவில் இருந்த மண்சுவர் ஒரு சாண் அகலம்தான். தூக்கம் வராத நாட்களில் மஞ்சள் அந்தச் சுவரைத் தட்டுவாள். மறுபக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வரும்.

ஒருமுறை ஒரு குரங்கு வந்து பாத்தியைக் கிளறி, இஞ்சியைப் பழம் என்று நினைத்து ஒரு கடி கடித்தது. அதன் இடதுகண் மூடிக்கொண்டது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நடுங்கியது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் திரும்பித் தலையைச் சொறிந்தது. மஞ்சள் சிரித்த சிரிப்பில் பாத்தி மண் வெடித்துக் கோடு விழுந்தது.

"அண்ணா, இன்னொரு தடவை கடிக்கச் சொல்லேன்," என்றாள்.

"கடி பட்டவன் நான். சிரிக்கிறவ நீ," என்றான் இஞ்சி. ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தச் சுமைக்காரர்கள் வந்த தையில்தான் பூதன் என்ற மீகாமனும் மலையேறி வந்தான். துறையிலிருந்து யவனர் நாட்டுக்கு மிளகுக் கப்பல் ஓட்டுபவன் அவன். கொற்றியின் குடிசை முன் உட்கார்ந்து கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்:

"கடலுக்கு அந்தப் பக்கம் போகப் போகக் குளிரு, கொற்றி. மூச்சு விட்டாப் புகையா வருது. ஜனங்களுக்கு வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. மிளகு குடுத்துப் பார்த்தோம். மிளகு நாக்கைச் சுட்டுட்டு ஓடிடும். உள்ளே இறங்கி உட்கார்ந்து வேலை செய்யற ஆளு வேணும்."

"அதுக்கு என் வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சானா?"

"அவன் கிட்டக் கேட்டுப் பாரேன். வரமாட்டேன்னா நான் முள்ளைப் பிடுங்கினதோட போயிடறேன்."

இஞ்சி வருகிறேன் என்றான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. குளிரால் வயிறு கல்லாகிப்போனவர்களைப் பற்றிக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மஞ்சள் அன்று மாலை வரை சுமைக்காரர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்போ வருவே?" என்றாள்.

"இந்தத் தையில போறேன். அடுத்த தை இல்லேன்னா அதுக்கடுத்த தை."

"பேரை விட்டுடாதே அண்ணா. எங்கே போனாலும் முழுப் பேரையும் சொல்லு."

"பேரையா? பேரை எங்கே போய் விடப்போறேன். அது என்ன துண்டா?"

பூதனின் கப்பலில் ஒரு திசைக்காகம் உண்டு. நடுக்கடலில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் கூண்டைத் திறந்து அதைப் பறக்கவிடுவார்கள். அது போகும் பக்கம் கப்பலைத் திருப்புவார்கள். இதனால் தானே கப்பலை ஓட்டுவதாகக் காகத்துக்கு ஒரு நினைப்பு. கதை கட்டுவதில் அதற்கு இணை கிடையாது. ஒருமுறை தான் பார்த்த மீன் ஒரு தீவைவிடப் பெரியது என்று சொல்லிற்று. அடுத்த மூச்சிலேயே அந்தத் தீவில் இறங்கித் தின்றதாகவும் சொல்லிற்று.

மஞ்சள் அதைக் கூப்பிட்டாள்.

"எந்தக் கரையில இறங்கினாலும் எங்க அண்ணன் பேரைக் கேளு. இருக்கான்னு சொன்னாங்கன்னா அதை வந்து சொல்லு. பேர் மட்டும் போதும். வேற கதை ஒண்ணும் வேண்டாம்."

"வேற கதை நல்லா இருந்தா?"

"வேண்டாம்."

"சரி. பேர் மட்டும்," என்றது காகம், சற்று மனவருத்தத்தோடு.

இஞ்சியை மண் நிரப்பிய பானையில் வைத்து எடுத்துப் போனார்கள். கொற்றி பலாமரத்தடிக்குப் போய் வழக்கம்போல இரண்டு குழிகளையும் தோண்டினாள். இடது குழியில் மஞ்சளை வைத்தாள். வலது குழியில் ஒன்றும் வைக்காமல் இலையை மட்டும் போட்டு மூடினாள்.

"ஆள் இல்லாத குழிக்கு எதுக்கு இலை?" என்று கேட்டது பலா.

"உன் இலைதான் கீழே கொட்டிக் கிடக்குதே. உனக்கு என்ன நஷ்டம்," என்றாள் கொற்றி.

கப்பல் ஆவணியில் கரை திரும்பியது. காகம் உடனே மலைக்கு வரவில்லை. துறையில் மீன் இருக்கும் வரை அது எங்கும் வராது. தையில் புதுப்பானை பொங்குகிற வாசனை வந்த பிறகுதான் மேலே பறந்து வந்தது.

"இஞ்சின்னு யாரும் இல்லை," என்றது. "சீட்டிக்காரன் நாட்டுல கேட்டேன்."

காகம் நாடுகளுக்குத் தன் வசதிக்குத் தானே பெயர் வைத்திருந்தது. சீட்டிக்காரன் நாடு என்று அது சொன்னது யவன நாட்டை, நாம் இன்று கிரேக்கம் என்று சொல்வதை.

மஞ்சளுக்கு மண் குளிர்ந்தது. "யாருமே இல்லையா?"

"ஜிங்கிபெரிஸ்னு ஒருத்தன் இருக்கானாம்."

"அது யாரு?"

"எனக்கென்ன தெரியும். நீ பேரைக் கேட்டே, நான் பேரைக் கேட்டேன்."

கொற்றி பானையை இறக்கி வைத்தபடி, "இருமல் வந்தவன் தும்மின மாதிரி ஒரு பேரு," என்றாள். மஞ்சள் அந்தப் பெயரை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அதில் அண்ணன் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் குழிக்குள் வைத்ததும் மண்சுவரைத் தட்டிப் பார்த்தாள். வெறுங்குழியிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

அடுத்த ஆண்டு காகம் கப்பலோடு நிற்கவில்லை. இஞ்சி யவனர் துறையில் வேறு கப்பல் ஏறி மேலே போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, அந்த வழியே பறந்தது. தையில் திரும்பி வந்து மூச்சு விடாமல் சொன்னது:

"நீளக்கால் செருப்பு மாதிரி ஒரு நாடு, அங்கே ட்ஸென்ட்ஸெரோன்னு ஒருத்தன். காளையை விரட்டி விளையாடற நாட்டுல ஹென்ஹிப்ரேன்னு ஒருத்தன். அதுக்கு மேலே, நிறைய ரொட்டித் தூள் கிடைக்கிற நாட்டுல ஜான்ஜாம்ப்ர. இஞ்சி இல்லை."

இத்தாலியும் ஸ்பெயினும் பிரான்சும் அவை.

"மூணு பேரா?" என்றாள் மஞ்சள்.

"மூணு பேர்."

"நான் ஒருத்தனைத்தான் தேடச் சொன்னேன்."

"ஒரே ஆளாயிருக்குமோ?" என்று பலா மெதுவாகக் கேட்டது.

"ஒருத்தனுக்கு எதுக்கு அத்தனை பேர்? திருடனுக்குத்தான் அத்தனை பேர் வேணும்," என்றாள் கொற்றி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மஞ்சளின் பக்கம் பார்க்காமல் அடுப்பைக் கிளறினாள்.

அந்த ஆண்டு கோடைமழை முன்னதாகவே வந்துவிட்டது. வெறுங்குழியில் தண்ணீர் தேங்கியது. கிழங்கு இருக்கும் குழி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆள் இல்லாத குழி தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் ஒரு சாண் மண்சுவரைக் கடந்து மஞ்சளைத் தொட்டது. குழியைத் திறந்தபோது மஞ்சளின் ஒரு பக்கம் கறுத்து, விரல் வைத்தால் அமுங்கியது. கொற்றி அழுகிய பாகத்தை வெட்டி எடுத்து, அடுப்புச் சாம்பலைத் தடவினாள். ஒரு வசவும் இல்லை. அதனால் மஞ்சளுக்குப் பயமாக இருந்தது.

"இதோ பாரு," என்றாள் கொற்றி கடைசியில். "இன்னும் ஒரு தை பார்ப்பேன். அதுக்குள்ளே அவன் இருக்கான்னு உறுதியா ஒரு சேதி வரணும். வரலேன்னா அந்தக் குழியை மூடிடுவேன்."

"மூடாதே."

"மூடலேன்னா அடுத்த மழையில நீயும் போயிடுவே. ரெண்டு குழியையும் வெறுமையா வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அவன் வந்தா எங்கே படுப்பான்?"

கொற்றி சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மஞ்சளுக்குத் தெரியும், விதைக்குழியை மூடுவது என்றால் என்ன என்று. அந்த மலையில் ஒரு விதைக்கு உரிய குழியை மூடிவிட்டால் பாத்தியிலும் அதற்கு இடம் கிடையாது. அப்புறம் அந்த இடத்தில் சாமையைத் தெளித்துவிடுவார்கள்.

மூன்றாவது தை வந்தது. அதற்கு முந்தின வாரம் யானைகள் இறங்கி, சரிவிலிருந்த வாழைகளை ஒன்றுவிடாமல் முறித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தன. தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நின்றது. புதுப்பானை பொங்கியது. காகம் வரவில்லை. எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் விடிந்தபோது கொற்றி மண்வெட்டியை எடுத்துவந்து பலாமரத்தில் சாய்த்து வைத்தாள்.

"பொழுது உச்சிக்கு வரட்டும்," என்றாள்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் காகம் வந்து விழுந்தது. வந்து உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. இறகுகளில் பாதி இல்லை. அலகு வெளுத்திருந்தது. குடிசைக் கூரையின் ஓலைக்குள் தலையை நுழைத்து எதையோ செருகிவிட்டு, தடுமாறிக் கீழே இறங்கியது.

"பேர் என்ன?" என்றாள் மஞ்சள்.

"சோறு," என்றது காகம்.

"பேரைச் சொல்லிட்டுத் தின்னு."

"பனியில பறந்திருக்கேன். பாதி வழியில மீனும் இல்லை. சோறு இல்லாம என் வாய் திறக்காது. குழியை மூடறதுன்னா மூடிக்கோங்க."

பானையில் நேற்றைய புதுச்சோறு இருந்தது. ஆனால் வைப்பதற்கு ஓர் இலை இல்லை. புதுப்பானைச் சோற்றை வெறுந்தரையில் வைக்கக் கூடாது என்பது அந்த மலையின் வழக்கம். கொற்றி சுற்றிப் பார்த்தாள். பலா இலை ஒரு பிடிச் சோற்றுக்கு மேல் தாங்காது.

"என் இலையை அறுத்துக்கோ," என்றாள் மஞ்சள்.

கொற்றி திரும்பிப் பார்த்தாள். மஞ்சளின் இலையை அதுவரை யாரும் பச்சையாக அறுத்ததில்லை. அது தானாக மஞ்சளித்துச் சாய்ந்த பிறகே கிழங்கை எடுப்பார்கள்; அந்த ஆண்டு அது இன்னும் சாயவில்லை. "ஏற்கெனவே ஒரு பக்கம் போயிடுச்சு. இப்போ இலையையும் அறுத்தா நீ சிறுத்துப்போயிடுவேடி."

"சிறுத்தாச் சிறுக்கட்டும். நீளமானதா அறு."

கொற்றி அரிவாளால் இலையை அறுத்தாள். அறுத்த இடத்திலிருந்து வந்த வாசனை சரிவு முழுவதும் பரவியது. இலையைத் தரையில் விரித்து, சோற்றைப் பிடி பிடியாக உருட்டி அதன்மேல் வைத்தாள். காகம் முதல் பிடியைப் பறக்கிற வேகத்தில் தின்றது. இரண்டாவதை நின்று தின்றது. மூன்றாவதைக் கொத்தும்போது அதற்குத் தன் பழைய குணம் திரும்பி வந்துவிட்டது.

"நல்ல வாசனை," என்றது. "சரி, பேர்களைக் கேட்டுக்கோ. மழை விடாத தீவு ஒண்ணு, அங்கே ஜிஞ்சர். காட்டுக்குள்ள மரவீடு கட்டற நாட்டுல இங்வெர். அதுக்குக் கிழக்கே ஆறுகூட உறைஞ்சு கிடக்கு, அங்கே இம்பீர். அதுக்கும் மேலே இனிமே நாடே இல்லைங்கற இடத்துல, இங்கிவேரி."

மஞ்சள் கடைசிப் பெயரைக் கேட்டதும் அசைந்தாள். ஆனால் உடனே அடங்கிவிட்டாள்.

"கேட்க அவன் பேர் மாதிரி இருக்கே," என்றது பலா.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றாள் மஞ்சள். "ஆசையா இருக்கிறவ காதை நம்பக் கூடாது. அது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும்."

பொழுது உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. கொற்றி மண்வெட்டியின் காம்பில் கை வைத்தாள்.

காகத்துக்கு வயிறு நிறைந்திருந்தது. நிறைந்த வயிற்றோடு சும்மா இருப்பது அதனால் முடியாத காரியம். யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கியது:

"அந்தக் கடைசி ஊர் இருக்கே, அங்கே ஒரு தலைவன். யானைக்குட்டி மாதிரி ஆள். தாடியெல்லாம் பனிக்கட்டி. எட்டு நாளா வயித்து வலி, ஊரே அழுதுகிட்டு நிக்குது. அவன் பெண்டாட்டி எதையோ கல்லால தட்டி, கொதிக்க வச்சு, தேனை விட்டுக் குடுத்தா. குடிச்சான் பாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை."

"ஏன்?" என்றாள் மஞ்சள், கேட்காமல் கேட்பது போல.

"மூஞ்சியைப் பார்க்கணுமே. இந்தக் கண்ணு மூடிக்கிச்சு. உதடு இப்படிப் போச்சு."

காகம் ஒரு கண்ணை மூடிக்கொண்டது. அலகை ஒரு பக்கமாகக் கோணிற்று. கழுத்தை நடுக்கி, 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துக் காலால் தலையைச் சொறிந்தது.

மஞ்சளின் அறுபடாத இலைகள் காகத்தின் பக்கம் திரும்பின.

"இன்னொரு தடவை செய்," என்றாள்.

காகம் இன்னொரு தடவை செய்தது.

"மத்த ஊர்ல எல்லாம்?"

"எல்லா ஊர்லயும் இதே மூஞ்சிதான். சீட்டிக்காரன் நாட்டுலயும் இதேதான். ராஜாவா இருந்தாலும் சரி, ரொட்டி சுடறவனா இருந்தாலும் சரி. முதல்ல இந்த மூஞ்சி, அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான்."

"இதை ஏன் மூணு வருஷமாச் சொல்லலை?"

"நீ பேர் மட்டும் போதும்னியே. வேற கதை வேண்டாம்னியே."

மஞ்சள் சிரித்தாள். மூன்று ஆண்டுகளாகச் சிரிக்காதவள் சிரித்ததில் பாத்தி மண் வெடித்து, வரப்பு வரைக்கும் கோடு ஓடியது. கொற்றி மண்வெட்டியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நம்ம குரங்கு," என்றாள். "அட, நம்ம குரங்கு மூஞ்சி." அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவன்தான். அத்தனை பேரும் அவன் ஒருத்தன்தான்," என்றாள் மஞ்சள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் மாறியது. "ஏன் பேரை விட்டான்? விடமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே போனான்."

"அவன் விடலை," என்றது காகம். முதல்முறையாக அது மெதுவாகப் பேசியது. "எல்லாத் துறையிலும் இறங்கினதும் முழுப் பேரையும் சொல்லிடுவான். ஆனா சீட்டிக்காரன் நாட்டுல, பேர்னா கடைசியில ஒரு சீட்டி இருக்கணுமாம், இல்லேன்னா அது பேரே இல்லையாம். செருப்பு நாட்டுல பேரைப் பாட்டு மாதிரி நீட்டிக் கடைசியில வாயைத் திறந்தே வச்சுக்குவாங்க. ரொட்டித் தூள் நாட்டுல பாதிப் பேரு மூக்கு வழியாத்தான் வெளியே வரும். வடக்கே போனா வாயையே திறக்கிறதில்லை, குளிர் உள்ளே போயிடுமாம். அவனும் முதல் ஊர்ல ஏழு தடவை திருத்தினான். அடுத்த ஊர்ல மூணு தடவை. அப்புறம் விட்டுட்டான்."

"ஏன்?"

"கடைசி ஊர்ல அவனையே கேட்டேன். நீ பேர் மட்டும்னதால சொல்லலை. 'கூப்பிடறவன் நோயாளி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிடறான். அவன்கிட்டப் போய் என் பேரைச் சரியாச் சொல்லுன்னு நிக்க முடியுமா? எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துட வேண்டியதுதான்'னான்."

கேட்கிறவர்கள் கிடைத்துவிட்டதால் காகம் மூன்று ஆண்டுக் கதைகளையும் அவிழ்த்துவிட்டது. மழைத் தீவில் தலைமுடி செம்பட்டையாக இருந்தால் அந்த ஆளையே ஜிஞ்சர் என்று கூப்பிடுகிறார்களாம். சோம்பிக் கிடக்கிறவனை உசுப்பி ஓடவைப்பதற்கும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்களாம். செருப்பு நாட்டின் ஒரு மூலையில், நாக்கைச் சுடுகிற வேறொருவனான மிளகாயையும் ட்ஸென்ட்ஸெரோ என்றே அழைக்கிறார்களாம்.

"இன்னொண்ணு சொன்னா நம்பமாட்டே. மாவோட அவனைச் சேர்த்துப் பிசைஞ்சு, கை கால் வச்சு ஒரு ஆள் மாதிரி செஞ்சு, அதுக்கு அவன் பேரை வச்சு, சுட்டு, தலையிலிருந்து தின்னுறாங்க."

"தலையிலிருந்தா?" என்றாள் மஞ்சள்.

"குழந்தைங்கதான். ஆசையாத்தான் தின்னுறாங்க."

"நீயும்தான் ஊர்ப் பேரை எல்லாம் உன் இஷ்டத்துக்கு மாத்திச் சொல்றே," என்றாள் கொற்றி காகத்திடம். "செருப்பு நாடு, சீட்டி நாடுன்னு. அந்த ஊர்க்காரன் கேட்டா என்ன சொல்வான்?" பிறகு கூரைப் பக்கம் கை நீட்டினாள். "அது இருக்கட்டும். வந்ததும் ஓலையில எதைச் செருகினே?"

காகம் வேறு பக்கம் பார்த்தது. "ஒண்ணுமில்லை. மூஞ்சி ஏன் அப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு அந்தத் தலைவன் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன்."

"எடுத்தியா, திருடினியா?"

"பார்த்துக்கிட்டு யாரும் இல்லாதப்போ எடுத்தேன்."

கொற்றி எழுந்து ஓலைக்குள் கையைவிட்டு அதை எடுத்தாள். உள்ளங்கை அளவு கூட இல்லை. சுருங்கி, தோல் உலர்ந்து, நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பார்த்தாள். "எங்க அண்ணன் உருண்டையா இருப்பானே."

"போறப்போ உருண்டைதான். முதல் துறையில இவன் ஒருத்தன், சுத்தி நின்ன நோயாளிங்க நூறு பேர். உருண்டையா இருந்தா யாருக்குன்னு குடுப்பான்? கையை நீட்டினான். ஒருத்தன் ஒரு விரலை ஒடிச்சுக்கிட்டான். ஒடிச்ச இடத்துல இன்னொண்ணு வந்தது. அப்படியே எல்லா ஊர்லயும் விரல் விரலா ஒடிச்சுக் குடுத்துட்டான். ஒடிச்சுக்கிட்டவன் எல்லாம் அவனவன் வாய்க்கு வந்த பேரோட எடுத்துக்கிட்டுப் போனான்."

கொற்றி அந்தத் துண்டை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, மஞ்சளின் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகப் பிடித்தாள். மஞ்சளுக்கு அந்த வாசனை போய்ச் சேர்ந்தது. ஒரு விரலின் நுனியில், அரிசி முனை அளவுக்கு, ஒரு முளைக்கண் பச்சையாக வீங்கியிருந்தது.

"வந்துட்டியா அண்ணா," என்றாள் மஞ்சள்.

உலர்ந்த தோலுக்குள்ளிருந்து, கேட்கிறவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு தட்டு.

அன்று முதல்தான் இஞ்சி உருண்டையாக விளையாமல் விரல் விரலாக விளைகிறது. ஊருக்கு ஒரு பெயரில் கூப்பிட்டாலும் எல்லாருக்கும் திரும்பிப் பார்க்கிறது. அன்று முதல்தான் புதுப்பானையின் கழுத்தில் இஞ்சியையும் மஞ்சளையும் இலையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். மறுநாள் காலையில் உடன்பிறந்தான் இருக்கிற பெண்கள் மஞ்சள் இலையை விரித்து, பிடி பிடியாகச் சோறு வைத்து, காகத்தைக் கூப்பிடுகிறார்கள். அது சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை.

அன்றைக்குக் கொற்றி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். வலது குழியின் அடியில் இருந்த ஈரமண்ணை வாரி வெளியே போட்டாள். காய்ந்த மண்ணும் சாம்பலும் பரப்பி, துண்டின் பச்சைக் கண் மேலே பார்க்கும்படி அதை வைத்தாள். காகம் சாப்பிட்டு மிச்சம் வைத்த மஞ்சள் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து எடுத்துவந்து, அதன்மேல் போர்த்தினாள்.